திறந்த முதுகு ஹெட்போனும் நமது செவியும்

வீட்டில் உள்ளோர் உறங்கிய பின்னர் ஒருவர் மட்டும் தனித்திருந்து பாட்டுக் கேட்க விரும்பினால், அவருக்குத் துணையாவது ஹெட்போன். இரண்டு கிண்ணங்களை ஒரு வளைவினால் இணைத்துத் தலைமேல் மாட்டிக்கொள்ளும் இச்சிறு கருவியை இன்று அறியாதார் இல்லை. இதில் இருவகை உண்டு. கிண்ணத்தின் வெளிப்புறம் முழுதும் மூடப்பட்டிருப்பது ஒரு வகை. வெளிப்புறத்தில் சல்லடை போலத் துளைகளிட்டு, காற்று உள்ளும் புறமும் போய்வருமாறு அமைத்திருப்பது மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகையைத் திறந்த முதுகு ஹெட்போன் என்று கூறலாம். இதனை வாங்கும் அன்பர் பலர், கடையில் வாங்கியவாறே வைத்துக்கொள்வதில்லை. மெத்தையை மாற்றுகின்றனர், துளையிடுகின்றனர், துணி ஒட்டுகின்றனர், ஒலி சிறந்துவிட்டது என்று மகிழ்கின்றனர். நானும் அவ்வாறு செய்தவனே. இம்மாற்றங்கள் எவ்வாறு பயன்படுகின்றன, எங்கே நம்மை ஏமாற்றுகின்றன என்பவற்றை இங்கே சிறிது ஆராய்வோம்.

முதலில் கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். கிண்ணத்தின் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று உள்ளது. அதன் பின்னே ஒரு கம்பிச் சுருளும் காந்தமும் உள்ளன. சுருளில் மின்னோட்டம் மாறி மாறிப் பாயும்போது சவ்வு முன்னும் பின்னும் அசைகிறது. அவ்வசைவு காற்றைத் தள்ளுகிறது. அதுவே நமக்கு ஒலியாகக் கேட்கிறது. சவ்வு முன்புறம் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்புறம் காற்றை இழுக்கிறது என்பதை நாம் மறத்தல் கூடாது. பின்புறம் மூடியிருந்தால் அங்கு எழும் ஒலி கிண்ணத்தின் சுவரில் மோதித் திரும்பி வந்து, முன்புற ஒலியோடு கலந்து குழப்பம் விளைக்கக்கூடும். பின்புறத்தைத் திறந்துவிட்டால் அவ்வொலி வெளியேறிவிடுகிறது. பாடகர் நம் தலைக்குள் அடைபட்டுப் பாடுவது போன்ற உணர்ச்சி குறைந்து, இசை விரிந்து கேட்கிறது. ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968-ஆம் ஆண்டில் வெளியிட்ட எச்.டி. 414 என்னும் ஹெட்போன் இவ்வழியைத் திறந்துவிட்டது. காதின்மேல் இலேசாக அமர்ந்த அதன் மஞ்சள் நிற ஸ்பாஞ்சு மெத்தை பின்னாளில் பெரும் பெயர் பெற்றது.

ஆயினும், திறப்பதனால் ஓர் இழப்பும் உண்டு. கை விசிறியை மிக மெதுவாக அசைத்துப் பாருங்கள். முகத்தில் காற்றே படுவதில்லை. விசிறியின் முன்னேயுள்ள காற்று, அதன் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு பின்னே சென்றுவிடுகிறது. விரைவாக வீசினாலோ, காற்றுக்கு ஓரம் சுற்றிச் செல்ல நேரமில்லை. அது முகத்தில் வந்து படுகிறது. மிருதங்கத்தின் தொப்பி ஒலி போன்ற தாழ்ந்த ஒலிகளில் சவ்வு மெதுவாக அசைகிறது. அப்போது முன்புறக் காற்று, மெத்தையின் இடைவெளிகள் வழியே நழுவிப் பின்புறக் காற்றோடு கலந்து தன் வலியை இழக்கிறது. திறந்த முதுகு ஹெட்போன்கள் பலவற்றில் தாழ்ந்த ஒலி மெலிந்து கேட்பதன் காரணம் இதுவே. கையால் செய்யும் மாற்றங்கள் யாவும், காற்று செல்லும் இவ்வழிகளை அடைப்பதோ, திறப்பதோ, இறுக்குவதோ அன்றி வேறில்லை.

இனி, மாற்றக்கூடிய இடங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, காதுக்கும் சவ்வுக்கும் இடையிலுள்ள மெத்தை. மெத்தையின் தடிப்புக் குறைந்தால் சவ்வு காதை நெருங்குகிறது, கூடினால் விலகுகிறது. மெத்தை காதைச் சுற்றி நன்கு பொருந்தினால் காற்று நழுவுவது குறைந்து, தாழ்ந்த ஒலி வலுப்பெறுகிறது. ஸ்பாஞ்சு மெத்தையின் வெளி ஓரத்தைச் சுற்றி, மின்கம்பிகளுக்குச் சுற்றும் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், வேறுபாடு தெரியும். செலவு மிகச் சொற்பம். விரும்பாவிடில் பிரித்துவிடலாம்.

மெத்தையில் செய்யும் மாற்றங்களுள் புகழ்பெற்றது ஒன்று உண்டு. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஜோசப் கிராடோ என்பவர் 1953-இல் தொடங்கிய கிராடோ நிறுவனம் திறந்த முதுகு ஹெட்போன்களைச் செய்துவருகிறது. அவற்றின் மெத்தையைக் கழற்றிவிட்டு, நான் முன்பு கூறிய எச்.டி. 414-இன் மஞ்சள் மெத்தையைச் சிலர் பொருத்தினர். ஸ்பாஞ்சு சவ்வின் முகத்தை முழுதும் மறைத்ததனால் உயர்ந்த ஒலிகள் சற்று மழுங்கின. உடனே, அமெரிக்கக் கால் டாலர் நாணயத்தை நடுவில் வைத்து, அதன் அளவுக்கு வட்டமாக வெட்டி எடுத்தனர். அந்நாணயத்தின் குறுக்களவு சுமார் 24 மில்லிமீட்டர். ஏறத்தாழ நமது ஐந்து ரூபாய் நாணயத்தின் அளவு. நடுவே திறந்ததால் உயர்ந்த ஒலி நேரே வந்தது. ஓரத்தில் ஸ்பாஞ்சு இருந்ததால் சவ்வுக்கும் காதுக்கும் உள்ள தூரம் மாறவில்லை. ஒரு நாணயமும் ஒரு கத்தரிக்கோலும் கொண்டு செய்த வேலை இது.

இரண்டாவது, கிண்ணத்தின் உட்புறம். உயர்ந்த ஒலியின் அலைநீளம் சிறியது. வினாடிக்கு 6,000 முறை அதிரும் ஒலியின் அலை, காற்றில் சுமார் 5.7 சென்டிமீட்டர் நீளமே உடையது. கிண்ணத்தின் அகலமும் ஏறக்குறைய இவ்வளவே ஆதலால், இத்தகைய ஒலிகள் அதனுள் மோதித் திரும்பி, சில இடங்களில் மிகையாக எழும்புவதுண்டு. சென்ஹைசர் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட எச்.டி. 800, 56 மில்லிமீட்டர் அளவுள்ள வளையச் சவ்வு கொண்டது. நுட்பமான ஒலிக்குப் புகழ்பெற்ற அதிலும், 6,000 அதிர்வை ஒட்டிய ஒலி சற்றுக் கூர்மையாக எழுகிறது என்று கேட்போர் பலர் கண்டனர். சிலர் உள்ளே கம்பளி போன்ற ஃபெல்ட் துணியை வெட்டி வைத்து, எதிரொலியை உறிஞ்சச் செய்தனர். வேறு சிலர் வளையத்தின் நடுவே ஒரு சிறு ஒத்ததிர்வு அறையைச் செய்து பொருத்தினர். 2016-இல் அந்நிறுவனமே எச்.டி. 800 எஸ் என்னும் புதிய வடிவில், இக்கூர்மையை அடக்கும் உறிஞ்சி ஒன்றை அமைத்து வெளியிட்டது.

இவ்வறை எவ்வாறு வேலை செய்கிறது? வாய் குறுகிய வெற்றுப் புட்டியின் மேல் ஊதினால், அது தனக்கே உரிய ஒரு சுருதியில் ஒலிக்கிறது அன்றோ? அதே புட்டி, அச்சுருதியுள்ள ஒலி வெளியிலிருந்து வரும்போது அதனை ஏற்றுத் தானும் அதிர்கிறது. வாயில் அடைத்த துணியோ, குறுகிய துளையின் உராய்வோ அவ்வதிர்வின் ஆற்றலைக் கரைத்துவிடுகிறது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1863-இல் வெளியிட்ட இசையொலி பற்றிய நூலில் இத்தகைய குடுவைகளை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆகவே, ஃபெல்ட் துணி உயர்ந்த ஒலிகள் பலவற்றை ஒருங்கே குறைக்கும். ஒத்ததிர்வு அறையோ, வேண்டாத ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து குறைக்கும். மருந்தின் வேறுபாடு நோயைப் பொறுத்தது.

மூன்றாவது, சவ்வின் பின்புறம். இங்கே நான் செய்த பிழையைச் சொல்லியாக வேண்டும். என் ஹெட்போனைப் பிரித்தபோது, சவ்வின் பின்னேயிருந்த துளைகளின்மேல் மெல்லிய காகிதம் போன்ற ஒரு வட்டம் ஒட்டியிருக்கக் கண்டேன். தூசு படியாமல் இருக்க ஒட்டியது என்று கருதி, அதனை உரித்துவிட்டேன். அன்றிரவு மிருதங்கம் முழங்கிற்று. ஒரு வாரம் பெருமிதத்தோடு கேட்டேன். அதன் பின்னரே, பாடகரின் குரல் முழக்கத்தில் புதைந்துகிடப்பதும், அக்குரல் நடுவே நில்லாமல் இடப்பக்கம் சாய்வதும் புலப்பட்டன. அக்காகிதம் தூசுக்காக அன்று. ஊஞ்சலை ஆட்டிவிட்டுக் கையால் மெல்லப் பிடிப்பது போல, சவ்வு அளவுக்கு மீறி ஆடாமல் தடுக்கும் பிடிமானம் அது. இரு பக்கமும் ஒன்றுபோல் உரியாமையால் குரல் சாய்ந்தது. மீண்டும் ஒட்டிப் பார்த்தேன். பழைய நிலை வரவில்லை. உள்ளே இருக்கும் எந்தப் பொருளும் அங்கு ஏன் வைக்கப்பட்டது என்று அறியும் முன்னர் அதனை அகற்றுதல் கூடாது என்பதை மாணவர்க்குப் பல்லாண்டு கூறியவன், அறுபதைத் தாண்டிய பின் தானே கற்றுக்கொண்டேன்.

ஆதலால், செய்ய விரும்புவோர் சில முறைகளைக் கைக்கொள்ள வேண்டும். வேலை தொடங்குமுன் ஹெட்போனை மின்கருவியினின்று கழற்றிவிடுக. சவ்வை விரலால் தொடற்க. காந்தம் வலிமையுடையது, மேசையில் குண்டூசியோ இரும்புத் துகளோ கிடந்தால் அது பாய்ந்து சென்று சவ்வைத் துளைத்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்க. அதனை இரு பக்கமும் ஒரே அளவாகச் செய்க. நிலையாகப் பற்றும் பசையைத் தவிர்த்து, பிரித்தெடுக்கக்கூடிய டேப்பையே பயன்படுத்துக. கழற்றிய உறுப்பை ஒரு காகித உறையிலிட்டு நாளும் பெயரும் எழுதி வைக்க. மேலும், பழைய மெத்தை நைந்து அமுங்கியிருந்தால், வேறெதுவும் செய்யுமுன் புதிய மெத்தையை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். பல வேளைகளில் அதுவே போதுமானதாக இருக்கும். கைப்பேசியிலும் கணினியிலும் ‘ஈக்வலைசர்’ என்னும் ஒலிச் சமன் வசதி உண்டு. எந்தப் பகுதி மிகை, எந்தப் பகுதி குறை என்று அதனால் முதலில் சோதித்தறிந்து, பின்னர் கத்தரிக்கோலை எடுப்பது அறிவுடைமை.

இத்தனையும் கருவியைப் பற்றியவை. இனி, செவியைப் பற்றி. இரண்டு ஒலிகளை ஒப்பிடும்போது, சிறிதே உரத்து ஒலிப்பதை நம் மனம் சிறந்தது என்று கொள்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெட்சர், மன்சன் ஆகிய இருவரும் 1933-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, தாழ்ந்த ஒலிகளை உணரும் திறன், ஒலியின் அளவு குறையக் குறைய மிகவும் குறைகிறது என்று காட்டிற்று. ஆகவே, அளவைச் சற்றுக் கூட்டினாலே தாழ்ந்த ஒலி நிறைந்துவிட்டது போலத் தோன்றும். அன்றியும், நாம் பாடுபட்டுச் செய்த ஒன்று நன்றாக இருக்கவேண்டும் என்னும் ஆசை நம் செவியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. இதற்கு மாற்று, கண்ணை மூடிக்கொண்டு செய்யும் சோதனையே. நான் ஃபெல்ட் துணி வைத்த நாளில், என் பேத்தியை உதவிக்கு அழைத்தேன். பதினைந்து வயதுப் பெண். துணியை அவள் வைத்தோ எடுத்தோ என் தலையில் மாட்டுவாள். ஒரே பாட்டின் ஒரே பகுதியை ஒரே அளவில் கேட்டு, துணி உண்டா இல்லையா என்று நான் கூறவேண்டும். பத்து முறையில் ஆறு முறை சரியாகக் கூறினேன். காசைச் சுண்டிப் பார்த்துக் கூறினாலும் ஐந்து சரியாக வரக்கூடும் அன்றோ? ‘பெரிய முன்னேற்றம்’ என்று என் குறிப்பேட்டில் எழுதியிருந்ததை அன்றே அடித்துவிட்டேன்.

அதனினும் பெரிய பாடம் பின்னர் வந்தது. தம்புராவின் சீவாளி நாதம் மங்கிக் கேட்கிறது என்று, என் மெத்தையிலும் நாணய அளவுத் துளையை இட்டிருந்தேன். எனக்கு நன்றாகவே இருந்தது. பேத்தி மாட்டிக் கேட்டுவிட்டு உடனே கழற்றினாள். “தாத்தா, ‘ச’ வரும்போதெல்லாம் ஊசி குத்துகிறாற்போல் இருக்கிறதே!” என்றாள். ஐயம் தோன்றி, சிறிது சிறிதாக உயர்ந்து செல்லும் சோதனை ஒலி ஒன்றை ஒலிபெருக்கியில் இட்டு, கேட்கும்வரை இருவரும் கையை உயர்த்தியிருப்பது என்று வைத்துக்கொண்டோம். 9,000 அதிர்வுக்குச் சற்று மேலே என் கை இறங்கிற்று. அவள் கையோ 16,000-ஐத் தாண்டியும் உயர்ந்தே நின்றது. அறை எனக்கு முற்றிலும் அமைதியாக இருந்தது. அவளோ முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மாத காலமாக நான் கருவியில் தேடிய குறை கருவியில் இல்லை. முதுமையில் உயர்ந்த ஒலிகளே முதலில் செவியை விட்டு நீங்குகின்றன. உட்செவியிலுள்ள நுண்ணிய மயிர் உயிரணுக்கள் தேய்ந்தால் மீண்டும் வளர்வதில்லை. எந்தத் துளையும் துணியும் அவற்றை மீட்டுத் தாரா. தெளிவின்மையை ஈடுசெய்ய ஒலியின் அளவை நான் நாளுக்கு நாள் கூட்டிவந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வயது வந்தோர் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதே பாதுகாப்பின் எல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அளவு மூன்று டெசிபல் கூடினால் அந்நேரம் பாதியாகக் குறையும். எஞ்சியிருக்கும் கேள்வியையும் இழக்கும் வழியில் நான் சென்றுகொண்டிருந்தேன். அடுத்த வாரமே செவி மருத்துவரிடம் சென்று சோதித்துக்கொண்டேன்.

இதனால், கையால் செய்யும் மாற்றங்கள் வீண் என்று எவரும் கருதவேண்டா. டேப் ஒரு சுற்றினால் தாழ்ந்த ஒலி வலுப்பெறுவதும், ஃபெல்ட் துணி தக்க இடத்தில் கூர்மையைத் தணிப்பதும் உண்மை. ஆனால், எந்தக் குறையைத் தீர்க்கிறோம், அது யாருடைய குறை என்று அறிந்த பின்னரே கை வைக்கவேண்டும். இப்போது என்னிடம் இரண்டு இணை மெத்தைகள் உள்ளன. துளையிட்டது எனக்கு; துளையில்லாதது பேத்திக்கு. அவள் கேட்கும்போது மெத்தையை மாற்றிக்கொள்கிறாள். ஒலியின் அளவைக் காட்டும் குமிழில் வெள்ளைக் கோடு ஒன்று இட்டிருக்கிறேன். நான் கேட்கும்போது அக்கோட்டை அவள் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள்.