கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்கிறதா? குளியலறை ஹீட்டரைப் பாருங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கேபினட்டின் பின்பக்கத்தைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது. கம்ப்யூட்டரில் ஏதாவது பழுதா?"

பெரும்பாலும் கம்ப்யூட்டரில் பழுது இருப்பதில்லை. வீட்டு வயரிங்கில் எர்த் வேலை செய்யவில்லை என்பதுதான் இதற்குப் பொருள். கம்ப்யூட்டரில் இது சின்னத் தொந்தரவு. அதே வீட்டில் தண்ணீர் சுட வைக்கும் ஹீட்டர் இருந்தால், உயிருக்கே ஆபத்து. இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பைத் திருவண்ணாமலை வீடுகளை உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

கேபினட்டில் மின்சாரம் எப்படி வருகிறது?

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் ஒன்று இருக்கிறது. அதில் உள்ள சிறிய கெப்பாசிட்டர்கள் பேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் எர்த்துக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் சரியாக இருந்தால், இவற்றின் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்சாரம் நிலத்துக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினட்டில் ஏறக்குறைய 115 வோல்ட் நிற்கும். டெஸ்டரை வைத்தால் மினுக்கும். பொதுவாக இந்த மின்சாரம் ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைவு. அதனால்தான் சுர்ரென்பதோடு நின்றுவிடுகிறது.

ஹீட்டரில் அப்படி நிற்காது. அங்கே காயிலின் உறை வெடித்தால், பேஸ் நேராகத் தண்ணீரில் கலக்கும். நாம் ஈர உடம்புடன், வெறுங்காலுடன், ஈரத் தரையில் நிற்போம்.

திருவண்ணாமலையில் ஏன் கூடுதல் கவனம்?

மலையைச் சுற்றியுள்ள பகுதி கெட்டிப் பாறை நிலம். இங்கே மூன்று சிக்கல்கள் ஒன்று சேர்கின்றன.

முதலாவது, தண்ணீர். பாறை இடுக்குகளில் தங்கியிருக்கும் போர்வெல் நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கும். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும், வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் ஐஎஸ் 10500 என்ற இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. கடின நீரைச் சூடாக்கினால் உப்பு, சுண்ணாம்புபோலக் காயிலின் மேல் படியும். படிவு தடித்தால் காயிலின் சூடு தண்ணீருக்கு எளிதில் இறங்காது. காயில் அளவுக்கு மீறிச் சூடேறி, உறை வெடிக்கும்.

இரண்டாவது, நிலம். எர்த் என்பது மண்ணின் ஈரத்தை நம்பியிருக்கிறது. பாறை நிலத்தில் ஈரம் நிற்பது குறைவு. கார்த்திகை தீபச் சமயத்தில், மழை பெய்து முடிந்த மண்ணில் நன்றாக வேலை செய்யும் எர்த், சித்திரை வெயிலில் காய்ந்து செயலிழக்கலாம். ஆகவே எர்த்தைக் கோடையிலும் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள். எர்த் குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவது பழைய பழக்கம்தான், விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, பைப். பழைய வீடுகள் பலவற்றில் எர்த் ஒயரைத் தண்ணீர் வரும் இரும்புக் குழாயில் கட்டியிருப்பார்கள். அந்தக் குழாய் துருப்பிடித்ததும் பிளம்பர் பிவிசி அல்லது சிபிவிசி பைப்பாக மாற்றித் தருவார். தண்ணீர் நன்றாக வரும். ஆனால் பிளாஸ்டிக்கில் மின்சாரம் போகாது என்பதால், அன்றோடு வீட்டின் எர்த் போய்விடும். பிளம்பருக்கு எலக்ட்ரிக்கல் தெரிய வேண்டியதில்லை. எலக்ட்ரீஷியனை யாரும் கூப்பிடுவதில்லை. கம்ப்யூட்டர் வந்து சுர்ரென்ற பிறகுதான் விஷயம் தெரியவரும்.

பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் வருபவர்களுக்கு அறை வாடகைக்கு விடும் வீடுகளும் இந்த ஊரில் உண்டு. உங்கள் ஹீட்டரின் பழக்கம் உங்களுக்குத் தெரியும்; விடியற்காலையில் வந்து குளிக்கும் விருந்தாளிக்குத் தெரியாது.

நீங்களே பார்க்கக் கூடியவை

1. சாக்கெட் டெஸ்டர்: மூன்று சிறு விளக்குகள் உள்ள பிளக் வடிவக் கருவி எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும். கம்ப்யூட்டர் பாயிண்ட்டிலும் ஹீட்டர் பாயிண்ட்டிலும் செருகிப் பாருங்கள். எர்த் இணைப்பே இல்லை என்றால் காட்டிவிடும். எர்த் எவ்வளவு வலுவானது என்பதை இது காட்டாது. அதற்கு எலக்ட்ரீஷியன் எர்த் டெஸ்டர் கொண்டு அளக்க வேண்டும்.

2. பிளக்: மூன்று முனை பிளக்கில் தடித்து நீண்டிருப்பதுதான் எர்த் முனை. இரண்டு முனை அடாப்டரில் செருகினால் எர்த் துண்டிக்கப்படும். கம்ப்யூட்டருக்கும் ஹீட்டருக்கும் அது வேண்டாம்.

3. ஆம்பியர்: 3000 வாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பாயிண்ட் தேவை. கம்ப்யூட்டருக்கு வாங்கிய ஸ்பைக் பஸ்டரில் ஹீட்டரைச் செருகவே கூடாது.

4. ஆர்சிசிபி: எம்சிபி இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். 16 ஆம்பியர் எம்சிபி, உயிரைப் பறிக்கும் 100 மில்லிஆம்பியர் கசிவைக் கண்டுகொள்ளாது. 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி அந்தக் கசிவை உணர்ந்து நொடிப்பொழுதில் மின்சாரத்தைத் துண்டிக்கும். அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லை என்றால் மாற்ற வேண்டும். அழுத்துமுன் கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்துவிடுங்கள்.

இதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்

எர்த் இல்லாத வீட்டில் சிலர் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவார்கள். கேபினட்டில் சுர்ரென்பது உடனே நின்றுவிடும். சாக்கெட் டெஸ்டரும் எல்லாம் சரி என்று காட்டும். ஆனால் என்றாவது நியூட்ரல் ஒயர் அறுந்தால் கேபினட், ஹீட்டரின் உடல் எல்லாவற்றிலும் முழு 230 வோல்ட் வந்து நிற்கும். சரியான எர்த் குழி போடுவதற்குக் குறுக்குவழி கிடையாது.

ஹீட்டருக்கு ஒரு எக்செல் கணக்கு

கம்ப்யூட்டர் இருக்கும்போது ஹீட்டரைக் கண்காணிப்பது எளிது. எக்செல்லில் கணக்கு இதுதான்: லிட்டரை வெப்ப உயர்வால் பெருக்கி 860ஆல் வகுத்தால் யூனிட் கிடைக்கும். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுவர 15 × 30 ÷ 860 = 0.52 யூனிட். 2000 வாட் ஹீட்டருக்கு இது ஏறக்குறைய 16 நிமிட வேலை.

நான்கு பேர் தினமும் இப்படிக் குளித்தால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 125 யூனிட். 2016இல் தமிழக அரசு அறிவித்த 100 யூனிட் இலவச மின்சாரத்தின் அளவை இது ஒன்றே தாண்டிவிடும்.

மாதம் ஒருநாள், ஹீட்டர் ஆன் ஆனதிலிருந்து விளக்கு அணையும் வரை எத்தனை நிமிடம் என்று குறித்து வையுங்கள். வோல்டேஜ் 200க்கு இறங்கினால் 16 நிமிடம் 21 ஆகும். அது ஹீட்டரின் குற்றமல்ல. வோல்டேஜ் சரியாக இருந்தும் நேரம் மாறிக்கொண்டே போனால், அல்லது உள்ளே கொதிப்பதுபோல் சத்தம் வந்தால், படிவு சேர்ந்துவிட்டதா என்று திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். தெர்மோஸ்டாட்டை 50-55 டிகிரியில் வைத்தால் உப்பு படிவது குறையும். ஆண்டுக்கு ஒருமுறை, குளிர் தொடங்குமுன் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அப்போதே உள்ளிருக்கும் மெக்னீசியம் ஆனோட் கம்பி தேய்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

சொட்டினால் அடைக்காதீர்கள்

ஸ்டோரேஜ் ஹீட்டரின் சேஃப்டி வால்வில், சூடாகும்போது சில சொட்டுத் தண்ணீர் வரலாம். சூட்டில் தண்ணீர் விரிவதால் வருவது அது. "ஒழுகுகிறது" என்று அந்த வாயை அடைத்துவிட்டால், தெர்மோஸ்டாட் பழுதாகும் நாளில் அழுத்தம் வெளியேற வழியில்லாமல் டேங்க் வெடிக்கலாம். நிற்காமல் ஒழுகினால் வால்வை மாற்றுங்கள்.

பக்கெட்டில் போடும் கம்பி ஹீட்டருக்கு இன்னும் கண்டிப்பு தேவை. இரும்பு, அலுமினிய வாளி வேண்டாம். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும். சூடாகிவிட்டதா என்று விரல் விட்டுப் பார்க்கும் பழக்கத்தை வீட்டில் உள்ள பெரியவர்களிடமும் சொல்லி நிறுத்துங்கள். எந்த ஹீட்டராக இருந்தாலும் அணைத்துவிட்டுக் குளிப்பதே நல்லது.

இன்று இரவு கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது கேபினட்டின் இரும்புப் பகுதியில் ஒருமுறை டெஸ்டரை வைத்துப் பாருங்கள். மினுக்கினால், எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும் வரை வீட்டில் யாரும் ஹீட்டரைப் போட வேண்டாம். அதுவரை அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொள்ளலாம்.