எலும்பைக் கூட்டும் மின்சாரம்

சேலையூரிலிருந்து கிண்டி அதிக தூரமில்லை. அங்கே, சென்னைப் பல்கலைக்கழகத்தில், 1954-இல் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எலும்பிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் புரதம் முப்புரிக் கயிறு போன்றது எனக் கண்டனர். உலர்ந்த எலும்பை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கிறது, அதற்குக் கொலாஜன் இழைகளே காரணம் என்று 1957-இல் ஜப்பானியர் ஃபுகாடாவும் யசுடாவும் காட்டினர்.

அப்படியானால் மின்சாரம் எலும்பை வளர்க்குமா, மாணவர்களே? வளர்க்கும். மாவுக்கட்டுப் போட்டும் சிலருக்கு மாதக்கணக்கில் எலும்பு கூடுவதில்லை. முறிந்த இடத்தில் எதிர்மின்வாய்க் கம்பியைப் பொருத்தி, மின்கலத்தைத் தோலின்கீழ்ப் புதைக்கிறார்கள். மின்னோட்டம் வெறும் 20 மைக்ரோஆம்பியர். டார்ச் பல்பு எடுப்பதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு! கம்பியருகே ஆக்சிஜன் குறைந்து காரத்தன்மை கூடுகிறது. எலும்புச் செல்கள் அங்கே பெருகுகின்றன. சுமார் ஆறு மாதம் கழித்து மின்கலத்தை வெளியே எடுத்துவிடலாம்.