லைன் வீட்டுக்குப் பிறகு எங்கே?

வால்பாறையில் தேயிலை பறிக்கும் குடும்பங்களுக்கு வாடகை வீடா, சொந்த வீடா என்று யோசிக்க வேண்டிய தேவையே பல வருடங்களுக்கு வருவதில்லை. எஸ்டேட் கொடுக்கும் வரிசை வீடு, அதாவது லைன் வீடு இருக்கிறது. ஓய்வுபெற்றுக் கணக்கு முடிக்கும் வயதில்தான் இந்த யோசனை வருகிறது. அது மிகவும் தாமதம்.

தொழிலாளிக்கு வீடு கொடுப்பது தோட்ட நிர்வாகத்தின் சட்டக் கடமை. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்த இந்தக் கடமை புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. கூரை ஒழுகினால் எழுத்தில் புகார் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வேலை இருக்கும்வரைதான் வீடு. நெல்லை மாவட்டம் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில், 2028-ல் முடியும் நிலக் குத்தகையைக் காட்டி, 2024-லேயே தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வெளியேறச் சொன்னது நிர்வாகம். தலைமுறைகளாகக் குடியிருந்தும் வீடு அவர்கள் பெயருக்கு வரவில்லை.

ஓய்வுபெறும்போது கையில் வரும் தொகையைப் பார்ப்போம். பணிக்கொடை என்பது வருடத்துக்கு 15 நாள் கூலி. நாட்கூலி 450 ரூபாய், 30 வருட சர்வீஸ் என்றால் 2,02,500 ரூபாய். இதில் பொள்ளாச்சிப் பக்கம் மனை வாங்கி வீடும் கட்டிவிட முடியாது. எனவே சொந்த வீடு வேண்டுமென்றால் நாற்பது வயதிலேயே சேமிக்கத் தொடங்க வேண்டும். முடியாதவர்கள் வாடகைக்குப் போவதில் எந்தக் குறைவும் இல்லை. பணிக்கொடை முழுவதையும் மலிவு மனையில் போட்டுவிட்டு மருந்துக்குக் கடன் வாங்குவதைவிட அது நல்லது என்பேன். பணிக்கொடையை 30 நாளுக்குள் தர வேண்டும். தாமதித்தால் வட்டி உண்டு. தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் மனு கொடுக்கலாம்.

வாடகைக்குப் போனால் ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாதவரை முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. தகராறு என்று தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தவும் கூடாது; வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். மொத்தப் பணத்தையும் கொடுத்துப் போக்கியத்துக்குப் போகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வெறும் முத்திரைத் தாளில் கையெழுத்து வாங்கினால் போதாது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள்.

வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்றோடு பட்டா, தாய்ப்பத்திரம், மனைப்பிரிவு அங்கீகாரம் மூன்றையும் பார்க்க வேண்டும். அங்கீகாரமில்லாத மனையைப் புரோக்கர் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். மலை மேலேயே கட்ட நினைப்பவர்களுக்கு இன்னொரு விஷயம்: 2024 ஜூலை 30 அன்று சோலையாறு அணைப் பகுதியில் வீட்டின் மேல் மண் சரிந்து பாட்டியும் பேத்தியும் இறந்தார்கள். சரிவை வெட்டிய இடமா, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.