சாய்ந்த எழுத்தும் சாய்க்கப்பட்ட எழுத்தும்

ஒட்டுசுட்டான் போன்ற வன்னி ஊர்களில் பாடசாலை இல்ல மெய்வல்லுநர் போட்டி நெருங்கினால், முன்பெல்லாம் எழுத்துக் கீற வல்ல ஒருவரைத் தேடிப் பிடிப்பதுதான் முதல் வேலை. வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, சோக்கால் மேலும் கீழும் இரு கோடுகள். நடுவே ஒரே சரிவில் மெல்லிய கோடுகள். பிறகு தட்டைத் தூரிகை. கம்பர் இல்லமோ வள்ளுவர் இல்லமோ, பெயர் தடித்து, வலப்பக்கம் சாய்ந்து, ஓடப் புறப்பட்டது போல நிற்கும்.

இன்று பெயரை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் பிளெக்ஸ் பதாகை மறுநாளே வந்துவிடுகிறது. ஜேர்சியில் மாற்றம் இன்னும் பெரிது. அன்று மட்டையில் இலக்கத்தை வெட்டி, ரீசேர்ட்டின் முதுகில் வைத்து ஒரே நிறத்தில் பூசினார்கள். சில தோய்ப்பில் அது வெடித்துவிடும். இன்று ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சாயத்தை ஆவியாக்கிப் பொலியெஸ்டர் இழைக்குள்ளேயே ஏற்றுகிறார்கள். எத்தனை நிறமும் வைக்கலாம், ஒவ்வொருவர் பெயரும் போடலாம். ஒரு கிராமத்துக் கரப்பந்தாட்டக் கழகம் தேசிய அணியைப் போல உடுத்திக்கொண்டு இறங்குவது சின்ன விடயமல்ல.

ஆனால் அந்த ஜேர்சியின் நெஞ்சில் கழகத்தின் பெயர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆங்கில மோகம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம்; எனக்கு அது முழுக் காரணமாகப் படவில்லை. 1501இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனுஷியஸ் சாய்வெழுத்தில் நூல் அச்சிட்ட நாள் முதல் இலத்தீன் எழுத்துக்கு அந்த மரபு உண்டு. விளையாட்டுக்கென்றே வரைந்த தடித்த சாய்வெழுத்துகள் அதில் குவிந்துகிடக்கின்றன. தமிழ் அச்சில் அப்படியொரு மரபு வளரவில்லை. ஒன்பது தடிப்புகளில் வரும் கட்டமரன் எழுத்துருவிலும் சாய்வு இல்லை. இலங்கையரான தாரிக் அஸீஸ் வடித்த கவிவனார் அழகாகச் சாயும். ஆனால் அது கையெழுத்துச் சாயல் கொண்டது, தடிப்பும் ஒன்றுதான். ஆகவே வடிவமைப்பவர் பாமினி எழுத்துருவில் தட்டி, கணினியில் சாய்த்துவிடுகிறார்.

ஒட்டுசுட்டான் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு எழுத்தில் நான்கு டகர வரிசை. நேர்கோடுகளாலான ‘ட’ எவ்வளவு சரித்தாலும் தாங்கும். சிக்கல் ஒகரத்திலும் னகரத்திலும் உள்ள சுழிகளில்தான். தடிப்பைக் கூட்டினால் சுழியின் உள்வெளி அடைபடும். கணினியில் சரித்தால் வட்டம் முட்டையாகும். கோடு ஓரிடத்தில் தடித்து இன்னோரிடத்தில் மெலியும். தூரிகை பிடித்தவர் சுழிக்குள் வெளி விட்டு, அந்த இடத்தில் கோட்டை ஒல்லியாக்கி, வளைவைக் கண்ணால் அளந்து திருத்திவிடுவார். அந்தக் கணக்கை அவர் எங்கும் எழுதிவைக்கவில்லை. எழுதிய பலகைகளும் 2008, 2009 போர்க்கால இடப்பெயர்வோடு போயின. மீள்குடியேறி வந்தபின் எழுந்த கடைகளுக்குப் பெயர்ப்பலகை அச்சிலேயே வந்தது.

வேகமும் நிறமும் கிடைத்திருக்கின்றன. பழைய துணிப் பதாகையைத் திரும்பக் கேட்க எவருக்கும் மனம் வராது, எனக்கும்தான். கேட்க வேண்டியது வேறு: அந்தத் தூரிகைச் சாய்வை முறையாக வரைந்த ஒரு தடித்த தமிழ் எழுத்துரு. அது கிடைக்கும்வரை, அடுத்த ஜேர்சிக்குப் பணம் கட்டும்போது கழகத்தின் பெயரைத் தமிழில் கேளுங்கள். சாய்க்காமல், நிமிர்ந்த தடித்த எழுத்திலேயே அடிக்கச் சொல்லுங்கள்.