நியூட்ரான் கூடினால் அணுக்கரு எவ்வளவு பெருக்கும்?

உத்தனப்பள்ளி தொடங்கி ஓசூர் வரை சி.என்.சி. பட்டறைகளில் மைக்ரான் கணக்கு அன்றாடப் பேச்சு. ஷாஃப்ட் சில மைக்ரான் கூடினாலே பேரிங் சரியாக உட்காராது, பீஸ் ரிஜெக்ட். அந்த மைக்ரானை நூறு கோடி கூறு போட்டால், ஒரு கூறுதான் ஒரு ஃபெர்மி. அணுக்கருவை அதில்தான் அளக்கிறார்கள்.

பிளஸ் டூ மாணவர்கள் படிக்கும் சூத்திரம் எளிது. நிறை எண்ணின் கனமூலத்தை 1.2 ஆல் பெருக்கினால் அணுக்கருவின் ஆரம் ஃபெர்மியில் வந்துவிடும். தங்கம்-197க்கு ஏறக்குறைய 7. துகள்கள் எட்டு மடங்கானால் ஆரம் இரண்டு மடங்குதான் ஆகும், அடர்த்தி மாறாது.

நியூட்ரானை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் இந்தக் கணக்கு தடுமாறுகிறது. கால்சியம்-40ஐவிடக் கால்சியம்-48க்கு எட்டு நியூட்ரான் அதிகம். ஆனாலும் புரோட்டான்கள் பரவியிருக்கும் ஆரம் இரண்டிலும் ஏறத்தாழ 3.48 ஃபெர்மிதான். மேலும் நான்கு நியூட்ரான் சேர்ந்த கால்சியம்-52 எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருப்பதை 2016இல் செர்ன் ஆய்வகத்தில் கண்டார்கள்.

பெரிய அதிர்ச்சி 1985இல் வந்தது. ஜப்பானிய இயற்பியலாளர் இசாவோ தனிஹாடாவின் குழு, அமெரிக்காவின் பெர்க்லியில் லித்தியம் ஐசோடோப்புகளைக் கார்பன் முதலிய இலக்குகள்மேல் பாய்ச்சியது. அணுக்கரு பெரிதாக இருந்தால் மோதல் அதிகம். மோதாமல் தப்பி வருபவை குறையும். அந்தக் குறைவை எண்ணியே அளவு கண்டார்கள். லித்தியம்-9க்கு 2.41 ஃபெர்மி வந்தது. இரண்டே நியூட்ரான் கூடிய லித்தியம்-11க்கோ 3.14! கனமூலக் கணக்குப்படி 7 சதவீதம்தான் வளர்ந்திருக்க வேண்டும். வளர்ந்தது 30 சதவீதம்.

காரணம், கடைசி இரண்டு நியூட்ரான்களின் பிடிமானம். வழக்கமான அணுக்கருவில் ஒரு துகளைப் பிரிக்க 8 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு ஆற்றல் வேண்டும். இங்கே இரண்டையும் சேர்த்துப் பிரிக்கவே 0.4கூடத் தேவையில்லை. அவ்வளவு தளர்வாக இருப்பதால், குவாண்டம் விதிப்படி அவை மையத்தை விட்டு வெகுதூரம் மேகமாகப் பரவி நிற்கின்றன. ‘ஒளிவட்ட அணுக்கரு’ என்று சொல்வது இதைத்தான். லித்தியம்-11இன் அரை ஆயுள் 9 மில்லி வினாடிக்கும் குறைவு. அதற்குள் அளந்துவிட வேண்டும்.

இந்தத் துறையில் இந்தியர்களின் பங்கு பெரிது, அது போதிய அளவு பேசப்படவில்லை. கனடாவில் பணிபுரிந்த ரிதுபர்ணா கானுங்கோவும் சௌம்யா பாக்சியும் இடம்பெற்ற குழு, ஜப்பானின் ரைக்கன் ஆய்வகத்தில் ஃபுளோரின்-29 அணுக்கருவில் இரட்டை நியூட்ரான் ஒளிவட்டத்தைக் கண்டு 2020இல் வெளியிட்டது.

கனமூலச் சூத்திரத்தை நடத்தும் ஆசிரியர்கள் லித்தியம்-11ஐயும் சேர்த்தே நடத்த வேண்டும். விதி எங்கே உடைகிறது என்று தெரிந்தால்தான் மாணவர்களுக்கு அடுத்த கேள்வி பிறக்கும்.