உங்களுக்குத் தெரியுமா? மலப் பரிசோதனைக்கும் வந்துவிட்டது ஸ்மார்ட்போன்

பெருங்குடல் புற்றுநோய்க்கான முதல்கட்டச் சோதனையை வீட்டுக் கழிவறையிலேயே செய்துகொள்ளலாம். இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2019 முதல் 'ஃபிட்' என்ற சோதனைப் பெட்டியைத் தபாலில் அனுப்புகிறது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இது. பழைய முறையில் மாட்டிறைச்சி சாப்பிட்டிருந்தால்கூட முடிவு குழம்பும். ஃபிட் மனித ஹீமோகுளோபினை மட்டுமே தேடுவதால் பத்தியம் வேண்டாம்.

மாதிரியை ஆய்வகத்துக்குத் தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும். ஸ்மார்ட்போன் வகையில் அந்த வேலை மிச்சம்: ரத்தம் இருந்தால் கர்ப்பப் பரிசோதனைப் பட்டைபோல் கோடு விழும், கேமரா அதன் நிற அழுத்தத்தை அளக்கும். (படம் எடுப்பது பட்டையைத்தான், பயம் வேண்டாம்!)

ஆனால் கோடு விழுந்தாலே புற்றுநோய் என்று பொருளல்ல; மூல நோய் இருந்தாலும் கோடு விழலாம். கட்டி அன்று கசியாவிட்டால் விழாமலும் போகலாம். கோடு விழுந்தால் அடுத்தது கொலனோஸ்கோபிதான்.