செங்கற்பட்டுச் சீமையில் அடிமை ஒழிப்பு

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் இன்று மகிழுந்துத் தொழிற்சாலைகள் நிற்கின்றன. அவற்றுக்கிடையே எஞ்சியிருக்கும் ஏரிகள், இது நெடுங்காலம் நெல் விளைந்த நிலம் என்பதை உணர்த்தும். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர்களில் அந்நெல்லை விளைவித்தோர் எந்நிலையில் வாழ்ந்தனர் என்பதை ஆங்கிலேயர் கால ஆவணங்கள் தெரிவிக்கின்றன.

தொண்டை மண்டலத்தில் ஊர் நிலத்தின்மீது மரபுவழி உரிமை பெற்றிருந்தோர் மிராசுதாரர் எனப்பட்டனர். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க முற்பட்டவரும், தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என 1816இல் எடுத்துரைத்தவருமாகிய எல்லிஸ், மிராசு உரிமை பற்றி எழுதிய விளக்கங்கள் 1818இல் நூலாக வெளிவந்தன. நிலத்தைப் பற்றிய அந்நூலில் அடிமைகளைப் பற்றிய செய்திகளும் இடம்பெற்றுள்ளன. நிலம் கைமாறும்போது அதில் உழைத்த மனிதரும் உடன் கைமாறும் வழக்கம் இருந்ததே அதற்குக் காரணம். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இன்று ஆதிதிராவிடர் என அழைக்கப்படும் மக்களின் முன்னோர்.

கம்பெனி அரசு இதனை அறியாமல் இல்லை. 1819இல் சென்னை வருவாய் வாரியம் அடிமை முறையைப் பற்றி விரிவாக ஆராய்ந்தது. எனினும் உடனடி விடுதலையை அது பரிந்துரைக்கவில்லை. அரசின் வருவாய் நிலவரியிலிருந்து வந்தது. நிலவரி நெல்லிலிருந்து வந்தது. நெல் அடிமைகளின் உழைப்பிலிருந்து வந்தது. மிராசுதாரரைப் பகைத்துக்கொள்ள அரசு விரும்பவில்லை என்பது வெளிப்படை.

இத்தகைய இணக்கத்தை அதே காலத்து அமெரிக்காவிலும் காணலாம். 1787இல் வகுக்கப்பட்ட அந்நாட்டு அரசமைப்பில், வடமாநிலங்களும் தென்மாநிலங்களும் பிரிந்துவிடாதிருக்கும் பொருட்டு ஓர் உடன்பாடு காணப்பட்டது. மக்களவை இடங்களைக் கணக்கிடும்போது ஐந்து அடிமைகள் மூவராக எண்ணப்பட்டனர். அடிமை இறக்குமதியை 1808 வரை தடைசெய்ய இயலாது என்ற விதியும் சேர்க்கப்பட்டது. ஆயினும் ‘அடிமை’ என்ற சொல் அவ்வரசமைப்பில் ஓரிடத்திலும் எழுதப்படவில்லை. 1820இல் நாட்டின் குறுக்கே ஒரு கோடு வகுத்து மற்றுமோர் உடன்பாடு செய்தனர். யாரைப் பற்றி இவ்வுடன்பாடுகள் செய்யப்பட்டனவோ அவர்கள் எந்த அவையிலும் அமர்ந்திருக்கவில்லை.

1833இல் பிரிட்டன் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்து, அடிமைகளின் உடைமையாளர்களுக்கு இரண்டு கோடி பவுன் இழப்பீடு வழங்கியது. கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளும் இலங்கையும் அச்சட்டத்திலிருந்து விலக்கப்பட்டன. அவ்வாண்டின் கம்பெனிப் பட்டயச் சட்ட முன்வரைவில், இந்தியாவில் 1837க்குள் அடிமை முறை ஒழிய வேண்டும் என்ற விதி இருந்தது. எதிர்ப்பு எழவே காலவரையறை நீக்கப்பட்டது. தக்க காலத்தில் ஒழிக்க வழிகாண வேண்டும் என்ற அளவில் அது சுருங்கியது. எதிர்த்தோருள் ஒருவர் எலன்பரோ பிரபு. பத்தாண்டுகளுக்குப்பின் இந்தியாவில் அடிமைச் சட்டம் இயற்றப்பட்டபோது தலைமை ஆளுநராக இருந்தவரும் அவரே!

1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் நான்கே பிரிவுகளைக் கொண்டது. நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றவோ வரிப் பாக்கிக்காகவோ அரசு அலுவலர் எவரும் அடிமையென்று மனிதரை விற்கலாகாது. அடிமை மீதான உடைமை உரிமையை நீதிமன்றங்கள் நிலைநாட்டலாகாது. ஒருவர் தம் உழைப்பால் ஈட்டிய பொருளை, அவர் அடிமை என்ற காரணம் காட்டிப் பறிக்கலாகாது. பிறருக்கு இழைத்தால் குற்றமாகும் செயல், அடிமைக்கு இழைத்தாலும் குற்றமே. இச்சட்டத்தைப் பயனற்றதென்று தள்ளுவது முறையன்று; அடித்துத் துன்புறுத்திய ஆண்டையைக் குற்றவாளியாக நிறுத்த அது இடமளித்தது. ஆனால் அடிமை முறை ஒழிந்தது என்று அது கூறவில்லை. அடிமையை வைத்திருப்பதைத் தண்டிக்கவும் இல்லை. எதையும் வெளிப்படையாகப் பறிக்காததால் எவருக்கும் இழப்பீடு தரும் தேவையும் அரசுக்கு எழவில்லை. அடிமையாக மனிதரை வாங்குதலும் விற்றலும் 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தால்தான் குற்றமாயின.

அதன்பின்னும் சேரிகளில் வாழ்க்கை பெரிதும் மாறவில்லை. திருமணச் செலவுக்கோ பசிக்கோ வாங்கிய சிறு தொகைக்காகப் படியாட்கள் தம் உழைப்பையே ஈடு வைத்தனர். 1891இல் செங்கற்பட்டின் ஆட்சியராகப் பணியாற்றிய டிரமென்ஹீர் இந்நிலையை ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை அளித்தார். கடன் ஒரு விலங்கு. குடிசை நின்ற மனையும் மிராசுதாரருக்கே உரியதென்பது மற்றொரு விலங்கு. எதிர்த்துப் பேசினால் வேலையோடு வீடும் போகும். தரிசு நிலத்திற்கு விண்ணப்பித்தாலோ மிராசுதாரரின் முன்னுரிமை குறுக்கே நின்றது. சட்டத்தால் விடுபட்டவர் கால் ஊன்ற நிலமின்றி இருந்தனர் என்பதே அறிக்கையின் சாரம்.

இதன் விளைவாக 1892இல், ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலங்களை ஒதுக்க அரசு ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்ற பெயர் பெற்றவை இவையே. அவற்றைப் பத்தாண்டுகளுக்கு விற்கலாகாது; அதன்பின்னும் அம்மக்களுக்கன்றிப் பிறருக்கு விற்கலாகாது என நிபந்தனை விதிக்கப்பட்டது. அமெரிக்காவில் உள்நாட்டுப் போரின் இறுதியில், 1865 ஜனவரியில், விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கர் வரை நிலம் வழங்கப் படைத்தலைவர் ஷெர்மன் ஆணை பிறப்பித்தார். அவ்வாண்டிலேயே குடியரசுத் தலைவர் ஜான்சன் அதனை முறியடித்து, நிலத்தைப் பழைய பண்ணையாரிடம் சேர்ப்பித்தார். இங்கு ஆணை முறியவில்லை. ஆனால் நிபந்தனைகளை மீறி நிலங்கள் பல கைமாறின. அவற்றை மீட்கும் கோரிக்கை இன்றும் தொடர்கிறது. கடனுக்காக உழைப்பை அடகு வைக்கும் கொத்தடிமை முறையை நாடு முழுதும் ஒழிக்கும் சட்டம் 1976இல்தான் வந்தது.

தொழிற்சாலைக்கென நிலம் எடுக்கப்படும்போது இழப்பீடு முதன்மையாகப் பட்டா உடையவருக்கே உரியது; அந்நிலத்தில் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்டவரின் பெயர் பட்டாவில் இருப்பதில்லை. மனை விலை நாளும் உயரும் இவ்வட்டாரத்தில், ஒரு துண்டு நிலம் பஞ்சமி நிலமா என்பதை அறிய வேண்டுமாயின், இன்றும் பழைய நிலப் பதிவேடுகளையே புரட்ட வேண்டும்.